எட்டு வருஷமாக வானத்தில் ஒரு புள்ளி

போன வாரம் அக்கா மகன் போன் செய்தான். "மாமா, செகண்ட் ஹேண்ட் டிஎஸ்எல்ஆர் எல்லாம் விலை எறங்கிக் கெடக்கே, ஒண்ணு வாங்கட்டுமா?" கேட்ட நேரம் சரியில்லை. அன்று காலையில்தான் என் கேமராவை நான்காவது முறையாக, உள்ளே படம் பதிகிற சென்சாரைத் துடைக்கக் கொடுத்துவிட்டு வந்திருந்தேன். "வேண்டாம்டா" என்று சொல்லி போனை வைத்துவிட்டேன். அப்புறம்தான் காரணம் எதுவும் சொல்லவில்லையே என்று உறுத்தியது. அவனுக்காகத்தான் இது.

என்னுடைய டிஎஸ்எல்ஆர், அதாவது உள்ளே கண்ணாடி வைத்த, லென்ஸைக் கழற்றி மாட்டுகிற கேமரா, 2017-இல் வாங்கியது. 24 மெகாபிக்சல், கூடவே வருகிற 18-55 கிட் லென்ஸ், புதிதாகப் பழகுபவர்களுக்கென்று விற்கிற கேமரா பாடி. கம்பெனி பேரைச் சொல்லப்போவதில்லை. நான் திட்டப்போவது லென்ஸ் கழற்றி மாட்டுகிற எல்லாக் கேமராவுக்கும் உள்ள வியாதியை.

அதற்கு முன் ஆறு வருஷம் சட்டைப்பையில் ஒரு சின்ன டிஜிட்டல் கேமரா இருந்தது. நல்ல வெயிலில் அது எடுத்த படங்களை இன்றைக்கும் குறை சொல்ல மாட்டேன். சாயங்காலம் ஆனால்தான் தகராறு. குலசேகரப்பட்டினம் தசராவில் காளி வேடக்காரரை எடுத்தால் முகத்தில் அரிதாரம் எது, படத்தில் மணல் தூவினாற்போல விழுகிற இரைச்சல் எது என்று தெரியாது. பிளாஷ் போட்டால் முகம் வெளுத்துப் பின்னாலிருக்கிற கூட்டம் இருட்டில் போய்விடும். பட்டனை அழுத்தி, அது யோசித்து, படம் விழுவதற்குள் ஆள் திரும்பியிருப்பார். கடைசியில் ஓர் ஆடி மாசம் தேரிக்காட்டுக்கு எடுத்துப் போனேன். காற்றில் பறந்த செம்மண் லென்ஸ் குழாய்க்குள் புகுந்து, லென்ஸ் பாதி நீட்டியபடியே நின்றுவிட்டது. உள்ளேயும் போகவில்லை, வெளியேயும் வரவில்லை. கேமராவின் கதை அதோடு சரி.

டிஎஸ்எல்ஆர் வந்ததும் எனக்குப் பிடித்துப்போனது படத்தின் தரம் இல்லை. அந்தச் சின்ன ஜன்னல், வியூஃபைண்டர். சுவிட்சை அணைத்திருந்தாலும் கண்ணை வைத்தால் ஊர் தெரியும். திரையில் தெரிகிற ஊர் இல்லை, கண்ணாடியில் பட்டுத் திரும்பி வருகிற நிஜ வெளிச்சம். கூந்தன்குளத்தில் கூழைக்கடாப் பறவை குளத்தில் இறங்குவதை அதன் வழியாகத்தான் முதலில் ஒழுங்காகப் பார்த்தேன். அழுத்தியதும் கண்ணாடி மேலே எழும்பும், ஒரு கணம் எல்லாம் இருட்டாகும், மறுபடி குளம் வரும். எடுத்த படத்தில் இருப்பது அந்த இருட்டுக் கணம்தான், அதாவது நான் மட்டும் பார்க்காத கணம். இறக்கை முழுசாக விரிந்து, கால் தண்ணீரைத் தொடுகிற படம் ஒன்று அப்படித்தான் கிடைத்தது. எட்டு வருஷம் ஆகியும் இந்த விஷயம் எனக்கு அலுக்கவில்லை.

இரவுப் படங்களைப் பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. பழைய கேமராவின் சென்சார் சுமார் 6 மில்லிமீட்டருக்கு 4.5, சுண்டுவிரல் நகம்கூட இல்லை. இதில் பரப்பு 12, 13 மடங்கு. துவாரத்தை அகலமாகத் திறக்கிற 50 எம்எம் 1.8 லென்ஸை மாட்டி, குறைந்த வெளிச்சத்துக்கென்று கூட்டுகிற ஐஎஸ்ஓ-வை 3200-இல் வைத்தால் தசரா இரவில் தீச்சட்டி வெளிச்சமே போதும். ஆனால் லென்ஸ் அவ்வளவு அகலமாகத் திறந்திருப்பதால் ஒரு கண் ஷார்ப்பாக இருந்தால் மறு கண் மங்கிவிடும். பழைய கேமராவில் முகம், முதுகு, பின்னால் நிற்கிற வேன் எல்லாமே தெளிவாக இருந்து பழகியவனுக்கு முதல் ஆறு மாசம் அழுகைதான்.

சரி, புள்ளிக்கு வருகிறேன்.

வாங்கி நான்கைந்து மாசத்தில், கடற்கரையில் எடுத்த படத்தின் இடது மேல் மூலையில் சாம்பல் நிறத்தில் ஒரு பொட்டு. பறவையாக இருக்கும் என்று நினைத்தேன். அடுத்த படத்திலும் அதே இடத்தில் அதே பறவை. லென்ஸைத் துடைத்தேன், போகவில்லை. லென்ஸை மாற்றினேன், போகவில்லை. அப்போதுதான் தெரிந்தது, தூசி சென்சாரை மூடியிருக்கிற மெல்லிய கண்ணாடித் தகட்டில் உட்கார்ந்திருக்கிறது. இதன் குணமே தனி. அபெர்ச்சரை, அதாவது லென்ஸின் துவாரத்தை, 1.8-இல் திறந்து வைத்தால் கண்ணிலேயே படாது. 11, 16 என்று குறுக்கக் குறுக்க, ஒளி ஒடுங்கி வருவதால் அதன் நிழல் கருத்துக்கொண்டே போகும். ஆகவே இரவுத் தசராப் படங்கள் எல்லாம் சுத்தம். பகலில் தேரி, பனை, நீல வானம் என்று ஆசையாக எடுப்பதில்தான் அம்மை போட்ட மாதிரி இருக்கும்.

ப்ளோயர் வாங்கினேன், அந்த ரப்பர் பந்து. பேட்டரியை முழுசாக ஏற்றி, மெனுவில் கண்ணாடியைத் தூக்கி நிறுத்தி, கேமராவைக் கவிழ்த்துப் பிடித்து ஊத வேண்டும். புள்ளி படத்தில் மேலே இருந்ததால் நானும் சென்சாரின் மேல் பக்கமாக ஒரு வாரம் ஊதினேன். கடைக்குக் கொண்டுபோனபோது அங்கிருந்த தம்பி சிரித்துவிட்டார். "சார், உள்ள படம் தலைகீழால்ல விழுது. மேல தெரிஞ்சா கீழ ஊதணும்." பத்தாம் வகுப்பில் குவிலென்ஸுக்குக் கதிர்ப்படம் வரைந்து மார்க் வாங்கியவன் நான்.

அதன் பிறகு துடைப்பதும் புள்ளி திரும்ப வருவதுமாகப் போகிறது. ஒரு கடையில் துடைத்துக் கொடுத்தார்கள். வீட்டுக்கு வந்து அபெர்ச்சரை எஃப் 22-க்குக் குறுக்கி வெள்ளைச் சுவரை எடுத்துப் பார்த்தால் ஒரு புள்ளிக்குப் பதில் மூன்று. திரும்பக் கொண்டுபோனால், "அது புதுசா விழுந்தது சார்" என்று மறுபடியும் காசு கேட்டார்கள். அந்தக் கடைக்கு நான் அப்புறம் போகவில்லை. எங்கள் ஊரில் வைகாசி கடைசியில் கிளம்புகிற காற்று ஆவணி வரைக்கும் ஓயாது. அந்த நாட்களில் வெளியில் லென்ஸ் மாற்றுவதும் கேமராவுக்கு மண் சோறு ஊட்டுவதும் ஒன்றுதான். இப்போதெல்லாம் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு, ஏசியையும் அணைத்து, வேர்த்து வடிந்தபடி மாற்றுகிறேன். லென்ஸ் மாற்றலாம் என்றுதானே இதை வாங்கினோம்!

நியாயமாகப் பேசினால், பழைய கேமராவைக் கொன்றதும் இதே மண்தான். அதைப் பிரித்துத் துடைக்கக்கூட ஆள் கிடைக்கவில்லை. இதை நான்கு முறை துடைத்தாகிவிட்டது, இன்னமும் ஓடுகிறது. ஷட்டர் சத்தம் மாறவில்லை, பேட்டரிகூட முதலில் வந்ததுதான். புள்ளியையும் கம்ப்யூட்டரில் ஒரு கிளிக்கில் அழித்துவிடலாம். எல்லாம் சரிதான். ஆனால் இருநூறு படத்தில் இருநூறு கிளிக் செய்கிற ராத்திரியில் நியாயம் பேசிப் பாருங்கள்.

இன்னொரு சங்கடமும் உண்டு. பெரிய கேமராவோடு கல்யாணத்துக்குப் போனால் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார முடியாது. "தம்பி, பொண்ணு மாப்பிள்ளைய ஒண்ணு எடுத்துருங்க" என்று ஆரம்பித்துப் பாயசம் தீர்ந்துபோகும் வரை விட மாட்டார்கள். சட்டைப்பைக் கேமராவை யாரும் மதித்ததில்லை. அதனால் சாப்பாடு ஒழுங்காகக் கிடைத்தது.

மருமகனே, விலை ஏன் இறங்கியிருக்கிறது என்றால், பெரும்பாலான கம்பெனிகள் கண்ணாடி இல்லாத மிரர்லெஸ் பக்கம் போய்விட்டன. மற்றபடி பழைய டிஎஸ்எல்ஆர் ஒன்றும் கெட்டுப்போய்விடவில்லை. பார்த்து வாங்கினால் உனக்குப் பத்து வருஷம் உழைக்கும். கூழைக்கடா இறங்கும், வேடக்காரர் முகம் தெரியும், ஜன்னல் வழியாக ஊர் தெரியும். இவ்வளவும் சொல்லிவிட்டு மறுபடியும் சொல்கிறேன், வாங்காதே. இன்று சாயங்காலம் கேமராவை வாங்கி வந்து சுவரை எடுத்துப் பார்த்தேன். இடது மூலை சுத்தமாக இருக்கிறது. நடுவில் ஒன்று புதிதாக உட்கார்ந்திருக்கிறது.

தசராவுக்கு ஊருக்கு வா. என்னுடையதையே தருகிறேன், 50-ஐ மாட்டியே தருவேன். லென்ஸை மட்டும் கழற்றிவிடாதே.