டீசரா, கதை சொல்லும் டிரெய்லரா? நான் டீசர் பக்கம்

நண்பரின் படத்துக்கு விளம்பர கட் செய்தபோது என் கையில் இரண்டு இருந்தன. கதையை வரிசையாகச் சொல்லும் 2 நிமிடம் 20 நொடி டிரெய்லர் ஒன்று, ஒரே ஒரு காட்சியை மட்டும் வைத்த 50 நொடி டீசர் ஒன்று. டீசரைத்தான் வெளியிட்டோம், இப்போது கேட்டாலும் அதையேதான் சொல்வேன்.

மோஷன் போஸ்டரும் பாடல் வரி வீடியோவும் படம் வருகிறது என்று சொல்லும், அவ்வளவுதான். கதை டிரெய்லருக்கு நிஜமான பலம் உண்டு: யார் யார், என்ன சிக்கல், எந்த மாதிரிப் படம் என்று தெரிந்துகொண்டு டிக்கெட் எடுக்கலாம். ஆனால் அதற்கான விலையைத் தியேட்டருக்குள் கொடுக்க வேண்டியிருக்கிறது.

இதற்கு முந்தைய படத்தில் கதை டிரெய்லர்தான் விட்டிருந்தோம். அதில் இந்தக் காட்சியும் இருந்தது: பல வருடம் கழித்து வீடு திரும்பும் அப்பா, பையிலிருந்து பழைய சாவியை எடுத்துப் பூட்டில் நுழைக்கிறார், நுழையவில்லை, பூட்டை மாற்றிவிட்டார்கள். டிரெய்லர் வருவதற்கு முன் படத்தைப் போட்டுக் காட்டியபோது அந்த இடத்தில் மொத்த அறையும் மூச்சை இழுத்தது. ரிலீசுக்குப் பிறகு தியேட்டரில் பின்வரிசையில் நின்று பார்த்தேன், ஒரு சலனமும் இல்லை. அவர் பைக்குள் கைவிட்டதுமே எல்லோருக்கும் தெரிந்துவிட்டது. அதைவிடப் பெரிய நஷ்டம், அவர் வருவாரா மாட்டாரா என்று முக்கால் மணி நேரம் கட்டி எழுப்பிய பதற்றம் முழுக்க வீணாய்ப் போனது.

2000-ல் வந்த 'காஸ்ட் அவே' டிரெய்லரும் நாயகன் தீவிலிருந்து திரும்பி வந்துவிடுவதைக் காட்டியது. என்ன பார்க்கப் போகிறோம் என்று ஜனங்களுக்கு முன்கூட்டியே தெரிய வேண்டும் என்பது இயக்குநர் ராபர்ட் ஜெமெக்கிஸின் கட்சி. எனக்கு அதில் உடன்பாடில்லை. 'தி ஷைனிங்' என்ற திகில் படத்தின் டீசரைப் பாருங்கள்: அசையாத கேமரா, மூடிய லிஃப்ட் கதவுகள், மேலே ஏறிப் போகும் எழுத்துகள், அப்புறம் கதவிடுக்கிலிருந்து பீறிட்டு வரும் ரத்தம், அதில் மிதந்து நகரும் நாற்காலிகள். ஒரு வசனம் இல்லை, கதை துளிகூடத் தெரியாது, ஆனாலும் என்ன படம் என்பதில் யாருக்கும் சந்தேகம் வராது.

விளம்பரத்துக்கென்றே தனியாக எடுப்பது இன்னொரு வகை. 1960-ல் 'சைக்கோ'வுக்கு அதன் இயக்குநர் ஹிட்ச்காக் ஆறு நிமிடத்துக்கு மேல் மோட்டலையும் வீட்டையும் சுற்றிக்காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிடுவதுபோல் போய், முக்கியமான இடம் வரும்போதெல்லாம் பேச்சை நிறுத்திக்கொள்வார். அற்புதமான வேலை, ஆனால் அதற்குத் தனிப் படப்பிடிப்பு வேண்டும், நான் செய்து பார்த்ததில்லை. நகைச்சுவைப் படத்துக்கும் நான் கட் செய்ததில்லை. அங்கே நாலு ஜோக்காவது காட்டினால்தான் ஆள் வருவார்களோ என்னவோ, அதில் என் பேச்சை அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டாம்.

விநியோகஸ்தர் கதை டிரெய்லர்தான் வேண்டும் என்று பிடிவாதம் பிடித்தால், படத்தின் முதல் அரை மணி நேரக் காட்சிகளை மட்டும் வைத்து வெட்டிப் பாருங்கள். அடுத்த படத்துக்கு அப்படித்தான் செய்துகொண்டிருக்கிறேன், இப்போதைக்கு 90 நொடியில் நிற்கிறது.