விடுதியா, வாடகை வீடா, தினமும் பஸ்ஸா? ஆசிரியர் பயிற்சியில் சேர்வோருக்கு ஓர் அலசல்

மன்னார்குடியிலோ குருக்கத்தியிலோ உள்ள ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தில் தொடக்கக் கல்வி பட்டயப் படிப்புக்கு இடம் கிடைத்ததும் வீட்டில் எழும் முதல் பேச்சு, "தங்கிப் படிக்கிறதா, போயிட்டு வர்றதா?" என்பதுதான். கணக்கை ரூபாயில் போடுவார்கள். போட வேண்டியது சாயங்காலம் நாலரையிலிருந்து ராத்திரி பத்து வரையிலான நேரத்தை வைத்து. இந்தப் படிப்பில் பாதி வேலை வகுப்பு விட்ட பிறகுதான் ஆரம்பிக்கும். பாடக்குறிப்பு எழுதணும், டி.எல்.எம் (பாடம் நடத்த உதவும் அட்டை, படம், பொம்மை மாதிரியான பொருள்கள்) செய்யணும், கூச்சத்தை விட்டுக் கையை ஆட்டிப் பாட்டுச் சொல்லிப் பழகணும். அதை யாரோடு செய்வோம் என்பதை நாம் தங்கும் இடமே முடிவு செய்துவிடுகிறது. இரண்டு வருடத்து நட்பும் சண்டையும் அதைச் சுற்றித்தான்.

சின்னக் குழுவின் முன்னால் சில நிமிடம் மட்டும் பாடம் நடத்திப் பழகும் நுண்ணிலைக் கற்பித்தலையே எடுத்துக்கொள்வோம். ஒரு சுற்று என்பது 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் குறை நிறை சொல்லுதல், 12 நிமிடம் திருத்தி எழுதுதல், மறுபடி 6 நிமிடம் பாடம், 6 நிமிடம் குறை நிறை. ஆக 36 நிமிடம். எதிரே பிள்ளைகளாக உட்கார நாலைந்து பேர் வேண்டும். இரண்டாவது தடவைக்கு வேறு நாலைந்து பேர் இருந்தால் இன்னும் நல்லது. முதலில் உட்கார்ந்தவர்களுக்கு விடை தெரிந்துவிட்டதால் கேள்வி முடியுமுன்னே கை தூக்குவார்கள், பாடம் பிரமாதமாகப் போன மாதிரி ஒரு பொய்த் தோற்றம் வரும். விடுதி வராந்தாவில் ராத்திரி எட்டு மணிக்கு இதற்கெல்லாம் ஆளுக்குப் பஞ்சமே இல்லை. வாடகை வீட்டில் ஆள் உண்டு, ஆனால் ஒருத்தி உலையைப் பார்ப்பாள், இன்னொருத்தி தண்ணீர் பிடிக்கப் போயிருப்பாள். பஸ்ஸில் வருகிறவர்களுக்கு மதிய இடைவேளை மட்டும்தான். 45 நிமிட இடைவேளையில் 36 போனால் சாப்பாட்டுக்கு ஒன்பது நிமிடம். அவர்கள் சுற்றை இரண்டாக உடைப்பதுதான் சரி. முதல் 12 நிமிடத்தை இன்று முடித்து, திருத்தத்தை வீட்டில் எழுதி, மறுபாடத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம். ஓர் இரவு யோசிக்கக் கிடைப்பதால் திருத்தம் உருப்படியாகவும் வரும்.

இதனால் விடுதியே உசத்தி என்று முடிவு கட்ட வேண்டாம். விடுதியின் பெரிய கேடு காப்பியடிப்பது. ஒருத்தி வரைந்த தவளையை எட்டுப் பேர் பார்த்து வரைவார்கள். அவள் "தவளைக் குஞ்சு" என்பதில் 'க்'கை விட்டிருந்தால் எட்டு ரெக்கார்டிலும் (பயிற்சிப் பதிவேட்டிலும்) அந்த ஒற்று இருக்காது. திருத்துகிற விரிவுரையாளர் மூன்றாவது நோட்டிலேயே பிடித்துவிடுவார். வேலையைப் பிரித்துக்கொள்வது வேறு, காப்பியடிப்பது வேறு. தொடக்க வகுப்புகளுக்கான அரசின் 'எண்ணும் எழுத்தும்' திட்டம் வந்த 2022க்குப் பிறகு ஒரே பாடத்துக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று பிள்ளைகளின் மூன்று கற்றல் நிலைக்கும் பொருள் தேவைப்படுகிறது. 22க்கு 28 அங்குல அட்டை ஒன்றை ஐந்தரைக்கு ஏழாக வெட்டினால் 16 மின்னட்டை (ஃபிளாஷ் கார்டு) வரும். மூன்று பேர் ஆளுக்கு ஒரு நிலையை எடுத்துச் செய்து, வகுப்பு எடுக்கும் நாளில் மாற்றிக்கொண்டால் மூன்று செட்டும் மூவருக்கும் உதவும். ரெக்கார்டை மட்டும் அவரவர் அறையில் தனியாக எழுதுவது நல்லது.

விடுதி கேட்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். பிற்படுத்தப்பட்டோர் நல விடுதிகளில் வீட்டுக்கும் கல்வி நிறுவனத்துக்கும் குறைந்தது 8 கி.மீ. தூரம் இருக்க வேண்டும் என்ற விதி மாணவிகளுக்குக் கிடையாது. பக்கத்து ஊர் என்று சொல்லி விண்ணப்பமே போடாமல் விட்டுவிடுகிறார்கள்.

வாடகை வீட்டின் வம்பு வாடகையில் இல்லை, அரிசியில்தான். டெல்டாவில் யார் வீட்டிலும் அரிசி உண்டு, அதனால் "ஆளுக்குப் பத்து கிலோ கொண்டாந்துடுவோம்" என்று சுலபமாகப் பேசி முடிப்பார்கள். நாலு பேர் இரண்டு வேளை சாப்பிட நாளைக்குச் சுமார் ஒரு கிலோ ஆகும், அளவு சரிதான். தை பிறந்து சம்பா அறுத்ததும் ஒருத்தி வீட்டிலிருந்து புது அரிசி வரும், இன்னொருத்தி மூட்டையில் இருப்பது ஒரு வருடப் பழசு. இரண்டையும் ஒரே டப்பாவில் கொட்டி ஒரே உலையில் போட்டால் புதுசு குழைந்து கூழாகும்போது பழசு நடுவில் பருக்கைப் பருக்கையாக நிற்கும். புது அரிசி தண்ணீரும் குறைவாகக் கேட்கும், சீக்கிரமும் வெந்துவிடும். சேர்த்து வடித்தால் எந்தப் பதமும் ஒத்துவராது. "உன் அரிசிதான்" என்று தொடங்கும் பேச்சு எங்கே போய் முடியும் என்று சொல்ல முடியாது. ஒரு மூட்டையைத் தீர்த்துவிட்டு அடுத்ததைப் பிரித்தால் தீர்ந்தது வேலை. கரண்டுக்கும் முன்னாடியே கேட்டுவிடுங்கள். இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்பது இணைப்பு யார் பெயரிலோ அவர் கணக்கில் வருவது. வீட்டுக்காரர் தன் இணைப்பிலிருந்தே சப் மீட்டர் வைத்துக் கொடுத்த வீட்டில் அந்தச் சலுகை உங்கள் கைக்கு வராமலே போகலாம்.

ஆனால் சமைத்துச் சாப்பிடுவதில் ஒரு லாபம் இருக்கிறது. விடுதியில் பெரும்பாலும் ஊர் ஊராகக் கூடிக்கொள்வார்கள், வேதாரண்யத்துக்காரிகள் ஒரு மூலை, வலங்கைமான்காரிகள் ஒரு மூலை. நாலு பேர் இருக்கும் வீட்டில் அப்படிக் கூட முடியாது. ஒரே கிராமத்து நாலு பேரே வீடு எடுப்பதைத் தவிர்க்கலாம். ஒருத்தி வீட்டு விசேஷம் என்றால் நாலு பேரும் கிளம்பிவிடுவார்கள், வகுப்புக் குறிப்பு எடுத்துவைக்க ஆள் இருக்காது.

இனி பஸ். சாதாரண நகரப் பேருந்தில் பெண்களுக்கு 2021 மே மாதத்திலிருந்து கட்டணம் இல்லை. அதை நம்பித்தான் பல வீடுகளில் "போயிட்டு வரட்டும்" என்கிறார்கள். ஆனால் ஊர் விட்டு ஊர் போகும் புறநகர் வண்டிகளுக்கு அது பொருந்தாது. திருத்துறைப்பூண்டியிலிருந்து மன்னார்குடி வரை டவுன் பஸ்ஸிலேயே மாறி மாறி வந்தால் காசு மிச்சம், காலை வழிபாடு போச்சு. நீடாமங்கலம் வழியாக வருகிறவர்களுக்கு அங்கிருக்கும் ரயில்வே கேட் ஒன்று போதும், கூட்ஸ் வண்டி நின்றால் அன்றைய முதல் பாடவேளையை மறந்துவிடலாம். ரயிலடி பக்கத்தில் இருப்பவர்கள் சீசன் டிக்கெட் எடுக்கலாம். மூன்று மாதச் சீசன் மாதச் சீசனைப்போல 2.7 மடங்குதான். இடையில் நீண்ட விடுமுறை விழுந்தால் அந்தச் சேமிப்பும் போய்விடும், காலண்டரைப் பார்த்து எடுக்க வேண்டும்.

பஸ் கூட்டத்தில் சாகிற முதல் பொருள் தெர்மாகோல். பெரிய பலகையாகத் தூக்காமல், பாடநோட்டு அளவில் துண்டு போட்டு, பின்பக்கம் துணி டேப்பை கீல் மாதிரி ஒட்டி மடித்துப் பையில் வைக்கணும். சார்ட்டுக்கு இரண்டரை அங்குல பி.வி.சி. குழாய், இரண்டடி நீளம், இரண்டு பக்கமும் மூடி. பிளம்பர் கடையில் துண்டுக் குழாயாகவே கிடைக்கும். ஐப்பசி கார்த்திகை மழையிலும் சார்ட் நனையாது.

தினமும் வந்துபோகிறவர்கள் ஒட்டாமல் போவார்கள் என்பது பாதிதான் உண்மை. கல்யாணமாகிக் குழந்தையோடு படிக்க வரும் அக்காமார் பெரும்பாலும் இந்தக் கூட்டத்தில்தான் இருப்பார்கள். ஆறு வயதுப் பிள்ளை எத்தனை நிமிடம் ஓரிடத்தில் உட்காரும் என்பதை விடுதிப் பெண்கள் புத்தகத்தில் படிக்கிறார்கள், அந்த அக்காவுக்கு வீட்டிலேயே தெரியும். பாடக்குறிப்பை அவரிடம் ஒரு தடவை காட்டினால், "இந்த விளையாட்டுக்கு எழுந்து நிக்க வச்சா திரும்ப உக்கார வைக்க முடியாதும்மா" என்று ஒரே வரியில் தீர்த்துவிடுவார். மதியச் சாப்பாட்டு வட்டத்தில் அவர்களோடு உட்காராத விடுதிக்காரிகளுக்குத்தான் நஷ்டம். அந்த அக்காமாரை வகுப்பிலிருந்து பிரிப்பது ராத்திரி ஒன்பது மணிக்கு வாட்ஸப்பில் வரும் தகவல். "நாளைக்கு வண்ணச் சேலை, கோலப்பொடி கொண்டுவரவும்" என்று வந்தால், குழந்தையைத் தூங்க வைத்துவிட்டுப் பார்க்கிறவருக்குக் கடை பூட்டியிருக்கும். சொல்ல வேண்டியதை மாலை ஆறுக்குள் போடுவது என்று வகுப்பிலேயே பேசி வைக்கலாம்.

பையன்கள் எண்ணிக்கை குறைவு என்பதால் பல இடங்களில் அவர்களுக்குத் தேர்ந்தெடுக்க என்று பெரிதாக எதுவும் இல்லை, வாடகை அறையோ பஸ்ஸோதான்.

பள்ளிக்குப் போகும் கற்பித்தல் பயிற்சி வந்ததும் இந்தக் கணக்கெல்லாம் தலைகீழாகும். விடுதிக்குப் பக்கத்துப் பள்ளியே கிடைக்கும் என்று சொல்ல முடியாது. வயலுக்கு நடுவே ஈராசிரியர் பள்ளி, காலையில் ஒரே ஒரு டவுன் பஸ் என்றும் அமையும். வகுப்புகளுக்கு 80 சதவீத வருகை போதும், பள்ளிப் பயிற்சிக்கு 90 வேண்டும். அந்தப் பக்கத்து ஊரிலிருந்து தினமும் வருகிற ஒருத்தியின் வீட்டுத் திண்ணைதான் அப்போது நாலு விடுதிப் பெண்களுக்கும் டி.எல்.எம் வைக்கும் இடமாகும். அதனால் இரண்டாம் ஆண்டுக்கு வீடு பார்க்கிறவர்கள் பள்ளி ஒதுக்கீட்டுப் பட்டியல் ஒட்டும்வரை அட்வான்ஸ் கொடுக்காமல் இருங்கள்.