மதுரைத் தண்ணீரில் ஓர் அரிக்கா பாம்

மதுரையில் வீட்டுக்குள் அரிக்கா பாம் என்ற பனை வகைச் செடி வளருமா என்று கேட்டால், வளரும், நன்றாகவே வளரும் என்பேன். எங்கள் வீடு ஐயர் பங்களா பக்கம். ஹாலில் நிற்கும் செடி வாங்கும்போது இடுப்பு உயரம்தான் இருந்தது, இப்போது என் தலைக்கு மேலே ஓலை விரிகிறது. வெயில், உரம், தொட்டி என்று ஆளாளுக்கு ஒரு யோசனை சொல்வார்கள். இத்தனை வருஷம் வளர்த்துப் பார்த்ததில் எனக்குத் தெரிந்தது, இந்த ஊரில் பாம் செடியின் ஆயுளைத் தீர்மானிப்பது தண்ணீர்தான். எவ்வளவு ஊற்றுகிறோம் என்பதைவிட எந்தத் தண்ணீரை ஊற்றுகிறோம் என்பதுதான் விஷயம். அதற்கு வருவதற்கு முன், வாங்கும்போது பார்க்க வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன்.

நான் வாங்கியது அழகர்கோவில் ரோட்டில் ஒரு நர்சரியில். "பச்சை வலைக்குள்ளயே வளர்ந்த செடி அக்கா இது. கொண்டுபோன உடனே வெயில்ல வச்சிராதீங்க, ஓலை வெந்துரும்" என்றார் நர்சரி அண்ணன். சரியான பேச்சு. ஒரு தொட்டியில் நாலைந்து தண்டு இருக்கும். அவை ஒரே செடியின் கிளைகள் அல்ல. பெரும்பாலும் பல நாற்றுகளைச் சேர்த்து நட்டிருப்பார்கள், அப்புறம் பக்கக் கன்றும் வரும். ஒவ்வொரு தண்டுக்கும் உச்சியில் ஒரே ஒரு குருத்துதான். அது போனால் அந்தத் தண்டும் போச்சு. அதனால் இலை அடர்த்தியைப் பார்க்காமல், பச்சையாக, விறைப்பாகக் குருத்து நிற்கிற தண்டு எத்தனை என்று எண்ணிப் பாருங்கள். மட்டையின் அடியில் சின்னச் சின்னக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் பயப்பட வேண்டாம். அது இந்த இனத்தின் இயல்பு, நோய் இல்லை.

தொட்டி மண்ணைக் கட்டாயம் பார்க்க வேண்டும். நம் பக்க நர்சரிகளுக்கு வரும் செடிகளில் நிறைய, ஆந்திராவில் ராஜமுந்திரிக்குப் பக்கத்தில் உள்ள கடியம் என்ற ஊரிலிருந்து வருபவை. வேரைச் சுற்றி ஒட்டும் களிமண் உருண்டையோடு வரும். அந்த மண் ஒருமுறை காய்ந்துவிட்டால் செங்கல் மாதிரி ஆகிவிடும். மேலே ஊற்றும் தண்ணீர் உருண்டைக்கும் தொட்டிக்கும் இடையில் வழிந்து, நேராகக் கீழே போய்விடும். அடியில் தண்ணீர் வருகிறதே என்று நாம் நினைப்போம், வேர் உள்ளே காய்ந்து கிடக்கும். வந்து ஓரிரு வாரம் கழித்து, உருண்டையை ஒரு வாளித் தண்ணீரில் ஊறவைத்து, ஓரத்து மண்ணை மட்டும் விரலால் மெதுவாக உதிர்த்து எடுத்துவிட்டு, புதுக் கலவையில் வைக்கலாம். செம்மண், தென்னைநார்த் தூள், மண்புழு உரம், கொஞ்சம் மணல். வேரைக் கிளறக் கூடாது, பாம் செடிக்கு அது பிடிக்காது. முன்பு எந்த அளவுக்கு மண்ணுக்குள் இருந்ததோ அதே அளவுக்குத்தான் புதைக்க வேண்டும். அதற்கப்புறம் இரண்டு மூன்று வருஷத்துக்குத் தொட்டி மாற்றும் பேச்சே வேண்டாம்.

வெளிச்சம் பெரிய சிக்கல் இல்லை. கிழக்கு ஜன்னல் ஓரம் காலை வெயில் கொஞ்சம் படலாம். மேற்கு ஜன்னல் நம் ஊரில் ஆகாது, சித்திரை மதிய வெயில் ஒரே நாளில் ஓலையை வெளுக்க வைத்துவிடும். ஃபேனுக்கு நேர் கீழேயும், ஏசி காற்று நேராகப் படும் இடத்திலும் வைக்காதீர்கள்.

இனி தண்ணீர்.

அரிக்கா பாமின் சொந்த ஊர் மடகாஸ்கர் தீவு. மழை நிறைய பெய்யும் கிழக்குப் பக்கத்துச் செடி. உப்பு ஏறிய தண்ணீருக்குப் பழக்கப்படவில்லை. எங்கள் வீட்டுப் போர்வெல் தண்ணீரை, கரைந்த உப்பின் அளவைக் காட்டும் டி.டி.எஸ். மீட்டரில் பார்த்தால் லிட்டருக்கு 1,600 மில்லிகிராமை ஒட்டிக் காட்டுகிறது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் ஏற்கத்தக்க அளவாக வைத்திருப்பது லிட்டருக்கு 500 மில்லிகிராம். வேறு வழியே இல்லை என்றால்தான் 2,000 வரை. செடி தண்ணீரை இழுக்கும்போது கரைந்த உப்பும் கூடவே மேலே ஏறும். இலை வழியாகத் தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு போக வழியில்லாமல் ஓலை நுனியில் தங்கும். நுனி கருகுவது பெரும்பாலும் அதனால்தான். கருகலைப் பார்த்ததும் தண்ணீர் பற்றவில்லை என்று எண்ணி அதே போர் தண்ணீரை இன்னும் ஊற்றுவது பல வீட்டில் நடக்கிறது. உப்பு கூடக் கூட, மண் ஈரமாக இருந்தும் வேரால் தண்ணீரை இழுக்க முடியாமல் போகும். தொட்டி விளிம்பிலும் மண் மேலும் வெள்ளையாகப் படிந்தால் அதுதான் அடையாளம். நகத்தால் சுரண்டினால் பொருபொருவென்று உதிரும்.

இதில் எனக்கு ரொம்ப ஆற்றாமையான விஷயம், ஆர்.ஓ. மெஷினிலிருந்து வெளியே வரும் கழிவு நீர். வீணாகிறதே என்ற நல்ல எண்ணத்தில்தான் வாளியில் பிடித்துச் செடிக்கு ஊற்றுகிறார்கள். ஆனால் அந்த மெஷின் நமக்கு நல்ல தண்ணீரைப் பிரித்துக் கொடுத்துவிட்டு மிச்ச உப்பையெல்லாம் அந்தக் கழிவு நீரில்தான் தள்ளுகிறது. எங்கள் வீட்டில் அது 2,000-ஐத் தாண்டுகிறது. தரை துடைக்க, பாத்ரூம் கழுவ வைத்துக்கொள்ளுங்கள். பாம் செடிக்கு அதைவிடக் கெட்ட தண்ணீர் வீட்டில் வேறு இல்லை.

நல்ல தண்ணீர் எங்கிருந்து? மூன்று வழி எங்களுக்குச் சரியாக வருகிறது. ஒன்று, கார்ப்பரேஷன் குழாய்த் தண்ணீர். வைகையிலிருந்து வரும் அந்தத் தண்ணீரில் எங்கள் தெருப் போரில் உள்ள உப்பில் சின்னப் பங்குதான் இருக்கிறது. ஒரு ராத்திரி திறந்து வைத்தால் குளோரின் கொஞ்சம் போகும். ஆனால் போர் தண்ணீரைத் திறந்து வைப்பதால் உப்பு போகாது, அதை யாராவது சொன்னால் நம்பாதீர்கள். இரண்டாவது, ஏசியிலிருந்து சொட்டும் தண்ணீர். காற்றின் ஈரம் குளிர்ந்து வருவது என்பதால் உப்பு ஏறக்குறைய இல்லை. மீட்டர் இருபது முப்பதுதான் காட்டும். வெளியே தொங்கும் குழாயை வாளியில் விட்டு, காலையில் எடுத்து, குளிர்ச்சி போனதும் ஊற்றுகிறேன். கத்திரி வெயிலில் செடிக்கு அதிகத் தண்ணீர் தேவைப்படும் நாட்களில்தான் ஏசியும் அதிகம் ஓடுகிறது, ரொம்பப் பொருத்தம்.

மூன்றாவது மழை. 2003-ல் தமிழ்நாட்டில் மழைநீர் சேகரிப்பைக் கட்டாயமாக்கியதிலிருந்து பெரும்பாலான வீட்டு மாடியில் இறங்கு குழாய் இருக்கிறது. முதல் மழையை விட்டுவிட்டு, ஐப்பசி கார்த்திகையில் ஒரு டிரம்மை அதற்கு அடியில் வைத்து, மேலே வலையை இறுகக் கட்டிவிட்டால் போதும். முடிந்தால் நல்ல மழை நாளில் தொட்டியையே மாடிக்குத் தூக்கிவிடுங்கள். சுமை ஜாஸ்திதான், இரண்டு பேர் வேண்டும். ஓலைத் தூசியும் போகும், மண்ணில் சேர்ந்த உப்பும் அலசிப் போகும். அடுத்த வாரம் விரியும் குருத்தைப் பார்த்தாலே வித்தியாசம் தெரியும். ஈர்க்கிலிருந்து ஓலை ஒவ்வொன்றாகப் பிரிந்து, நுனி வரை இளம்பச்சையாக, ஒரு கருகல்கூட இல்லாமல் நிற்கும். மழை இல்லாத மாதங்களில் கார்ப்பரேஷன் தண்ணீரைத் தொட்டி கொள்ளளவைப் போல மூன்று மடங்கு, மெதுவாக, அடியில் வடிய விட்டு ஊற்றி அலசலாம்.

எப்போது ஊற்றுவது என்பதற்கு விரல்தான் அளவுகோல். இரண்டு கணு ஆழம் வரை காய்ந்திருந்தால் ஊற்றலாம். மார்கழியில் வாரம் ஒருமுறைகூடப் போதும், சித்திரையில் ஒருநாள் விட்டு ஒருநாள் கேட்கும். அடித்தட்டில் நிற்கும் தண்ணீரை அன்றைக்கே கொட்டிவிடுங்கள். வேர் அழுகும் என்பது ஒரு பக்கம், டெங்கு கொசுவுக்கு அந்தத் தட்டுத் தண்ணீரே போதும். கொசு ஒழிப்புப் பணியாளர்கள் வீட்டுக்கு வந்தால் முதலில் எட்டிப் பார்க்கும் இடங்களில் அதுவும் ஒன்று.

கருகிய நுனியை வெட்டும்போது, பழுப்பில் நூல் அளவு விட்டு வெட்ட வேண்டும். பச்சையில் கத்தரி பட்டால் அங்கிருந்து மறுபடி கருகும். அடி ஓலை மஞ்சளாவதைப் பார்த்து உடனே மட்டையோடு அறுத்துவிடாதீர்கள். பொட்டாசியம் குறையும்போது பாம் செடி பழைய ஓலையிலிருந்து அதை எடுத்துப் புதுக் குருத்துக்கு அனுப்பும். அந்த ஓலையை அறுத்தால் அடுத்த ஓலையிலிருந்து எடுக்க ஆரம்பிக்கும். முழுக்கக் காய்ந்து காவோலை ஆன பின் எடுத்தால் போதும். உரம் என்று நான் போடுவது ஆனியிலிருந்து ஐப்பசி வரை மாதம் ஒரு கைப்பிடி மண்புழு உரம்தான். ரசாயன உரமும் உப்புதான் என்பதால் அதில் கையை இறுக்கிப் பிடிப்பது நல்லது.

பங்குனி தொடங்கி ஆடிக் காற்று ஓயும் வரை சிவப்புச் சிலந்திப்பேன் தொந்தரவு இருக்கும். வறண்ட சூட்டில் வேகமாகப் பெருகும். ஓலையில் ஊசியால் குத்திய மாதிரி வெளிறிய புள்ளிகள் வரும். ஈரத் துணியால் ஓலையின் அடிப்பக்கத்தைத் துடைத்தால் துணியில் துரு நிறத்தில் கோடு விழும். அப்படி விழுந்தால் மாடியில் வைத்து அடிப்பக்கம் முழுக்கத் தண்ணீர் பீய்ச்சி அடியுங்கள். சாயங்காலம் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், சில சொட்டு சோப்புக் கரைசல் கலந்து தெளியுங்கள். சில முட்டைகள் அதில் தப்பிவிடும், அதனால் வாரத்துக்கு ஒருமுறை என்று மூன்று தடவையாவது திரும்பத் தெளிக்க வேண்டும்.

"பெட்ரூம்ல வச்சா ராத்திரி பூரா ஆக்சிஜன் குடுக்குமாமே?" என்று எங்கள் அத்தை கேட்டார். அரிக்கா பாம் ராத்திரியில் நம்மைப் போல மூச்சுதான் விடும், ஆனால் அதனால் கெடுதலும் இல்லை. காற்றைச் சுத்தம் செய்யும் என்ற பேச்சு 1989-ல் நாசா செய்த ஆய்விலிருந்து கிளம்பியது. அது காற்றுப் புகாத சின்ன அறைகளில் வைத்துப் பார்த்தது. 2019-ல் வந்த ஒரு மறு ஆய்வு, கட்டடத்தில் இயல்பாகக் காற்று மாறுவதற்கு ஈடாக வேண்டுமென்றால் ஒரு சதுர மீட்டருக்கு 10 முதல் 1,000 செடி வரை வேண்டும் என்று கணக்கிட்டது. ஜன்னலைத் திறந்து வையுங்கள். செடியை அதன் அழகுக்காக வாங்குங்கள், அதற்கு அது முழுத் தகுதி உள்ளது.

பூனை, நாய், தவழும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு அரிக்கா பாதுகாப்பானது, நச்சு கிடையாது. ஆனால் நர்சரியில் பக்கத்திலேயே சேகோ பாம் என்று ஒன்று விற்பார்கள். அது பனைக் குடும்பமே இல்லை, சைக்கஸ் வகை. விதை உட்பட எல்லாப் பாகமும் விஷம், நாய் மென்றால் உயிருக்கே ஆபத்து. விரைத்த கூர்மையான இலை, குட்டையான தடித்த தண்டு, இதைப் பார்த்தால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வெளிச்சம் குறைவான ஹாலுக்கு ராபிஸ் பாம் பொருந்தும். விலை கூடுதல், வளர்ச்சி ரொம்ப மெதுவு, ஆனால் உறுதியான செடி. பார்லர் பாமை மேஜை ஓரத்துக்கு வாங்கினோம், பங்குனிச் சூட்டில் சிலந்திப்பேன் அதைத்தான் முதலில் பிடிக்கிறது. வீட்டில் உப்புப் போர் மட்டும்தான், ஏசி இல்லை, குழாய்த் தண்ணீரும் குடிக்கவே பற்றவில்லை என்றால் எந்தப் பாமும் வேண்டாம். மாதம் இரண்டு தடவை தண்ணீர் போதும் என்கிற ஸ்னேக் பிளான்ட் வையுங்கள். ஊற்றுவது குறைவு என்பதால் உப்பு சேர்வதும் குறைவு.