வீட்டை விற்றாச்சு, எழும்புங்கோ என்றால் உடனே எழும்பிவிடாதீர்கள்

திருகோணமலையில் வாடகை வீட்டில் இருக்கிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். அலஸ்தோட்டத்தில் நாங்கள் இருந்த வீட்டை எங்களுக்கு ஒரு சொல் சொல்லாமல் விற்றுவிட்டார்கள். குடிவந்து ஒன்பதாம் மாதத்தில் சாமான்களோடு வெளியே வந்தோம். ஒன்றரை லட்சம் ரூபா அட்வான்ஸ் இன்னும் கைக்கு வரவில்லை. காசு போனதைவிட, அன்றைக்கு நாங்கள் வெளியேறியிருக்கவே தேவையில்லை என்பதுதான் எனக்கு ஆறவில்லை.

வீட்டுக்காரர் கொழும்பில் இருக்கிறார். இங்கே எல்லாவற்றையும் பார்த்தவர் ஒரு புரோக்கர். மாத வாடகை 25,000 ரூபா, ஆறு மாத அட்வான்ஸ், இரண்டு வருட ஒப்பந்தம். ஒப்பந்தம் என்று தந்தது தட்டச்சு செய்த இரண்டு தாள்கள்தான். முத்திரை ஒட்டி அதற்கு மேலே கையெழுத்துப் போட்டோம். "நொத்தாரிசிட்ட போனா வீண் செலவு அண்ணை, எங்களுக்குள்ளதானே" என்றார் புரோக்கர். நானும் சரி என்றுவிட்டேன்.

ஒரு பின்னேரம் இரண்டு பேர் அளவு நாடாவோடு வந்து வளவை அளந்தார்கள். கேட்டதற்கு, வீட்டுக்காரர் வங்கிக் கடன் எடுக்கிறார் என்றார்கள். நம்பினோம். அடுத்த கிழமை வேறொருவர் வந்து, "தம்பி, வீட்டு உறுதி என்ர பேரில எழுதியாச்சு. ஞாயிற்றுக்கிழமைக்குள்ள விட்டுத் தாங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனார். வீட்டுக்காரருக்குப் போன் எடுத்தால் எடுக்கவில்லை. புரோக்கர், "இனி என்னோட கதைச்சுப் பிரயோசனம் இல்லை" என்று வைத்துவிட்டார். மகள் சாதாரண தரப் பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருந்த நேரம் அது.

ஒரு மாதம் தாருங்கள் என்று கேட்டோம். திங்கட்கிழமை மகள் ரியூசன் முடிந்து வந்தபோது கேற்றில் வேறு பூட்டுத் தொங்கியது. புத்தகங்கள், உடுப்புகள், மனைவியின் மருந்துகள் எல்லாம் உள்ளே. பொலிஸுக்குப் போனேன். "இது காணிப் பிரச்சினை, கோர்ட்டுக்குப் போங்கோ" என்று திருப்பி அனுப்பினார்கள். இரவு எட்டு மணிக்குப் பூட்டைத் திறக்க வந்தவர்கள், 'சகல கணக்கும் தீர்ந்தது, சுயவிருப்பில் வெளியேறுகிறேன்' என்று எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்டார்கள். வீதியில் நின்ற பிள்ளையைப் பார்த்துக்கொண்டு கையெழுத்துப் போட்டேன். அன்றிரவே பாலையூற்றில் தங்கச்சி வீட்டுக்குப் போனோம்.

வெளியேறி மூன்றாம் மாதத்தில்தான் ஒரு சட்டத்தரணியைச் சந்தித்தேன். அவர் சொன்னதை அன்றைக்கே யாராவது சொல்லியிருந்தால் எல்லாம் வேறு மாதிரி நடந்திருக்கும்.

இலங்கையில் இன்றும் நடைமுறையில் இருக்கிற ரோமன் டச்சுச் சட்டத்தின்படி, வாடகைக்கு இருப்பவரின் உரிமை வீட்டு விற்பனைக்கு முந்தியது. வீடு கைமாறினால் வாங்கினவர் பழைய வீட்டுக்காரரின் இடத்துக்கு வருகிறார், அவ்வளவுதான். வாடகை உறவு முறிவதில்லை. இனி வாடகையை அவருக்குக் கட்ட வேண்டும். உறுதியைக் காட்டி உங்களைத் தெருவில் விட அவருக்கு உரிமை கிடையாது.

ஆனால் எங்கள் இரண்டு வருடத் தாள் அந்த இரண்டு வருடத்தைக் காப்பாற்றியிருக்காது. ஒரு மாதத்துக்கு மேற்பட்ட குத்தகை, நொத்தாரிசுக்கும் இரண்டு சாட்சிகளுக்கும் முன்னால் எழுதப்படாவிட்டால் செல்லாது. 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் அப்படிச் சொல்கிறது. நொத்தாரிசு எழுதினாலும் போதாது, காணிப் பதிவகத்தில் பதிய வேண்டும். பதியாமல் விட்டால், பின்னால் வாங்கித் தன் உறுதியைப் பதிகிறவர் முன்னுக்கு வந்துவிடுவார்.

அப்படியென்றால் எங்களுக்கு ஒன்றுமே இல்லையா? இருந்தது. மாதாமாதம் வாடகை கட்டிக் குடியிருந்ததால் நாங்கள் மாத வாடகைக்காரர். எங்களை எழுப்ப முழுதாக ஒரு மாத அறிவித்தல் தந்திருக்க வேண்டும். அதற்குப் பிறகும் நாங்கள் போகாவிட்டால் வழக்குப் போட்டு நீதிமன்றக் கட்டளையோடுதான் எழுப்ப முடியும். சில வீடுகளுக்கு 1972ஆம் ஆண்டின் 7ஆம் இலக்க வாடகைச் சட்டம் இதைவிடக் கூடுதல் பாதுகாப்புத் தருகிறது. உங்கள் வீடு அதற்குள் வருமா என்று கட்டாயம் கேட்டுப் பாருங்கள்.

பூட்டு மாற்றியதற்கும் வழி இருந்தது. 1979ஆம் ஆண்டின் 44ஆம் இலக்க ஆரம்ப நீதிமன்ற நடவடிக்கைமுறைச் சட்டம், 66ஆம் பிரிவு. சமாதானம் குலையக்கூடிய காணி, வீட்டுத் தகராறு என்றால் பொலிஸார் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுக்கலாம். அவர்கள் கொடுக்காவிட்டால் நாங்களே சத்தியக் கடதாசியோடு போகலாம். பலவந்தமாக வெளியேற்றப்பட்டவரைத் திரும்பக் குடியிருத்த அங்கே கட்டளை வாங்கலாம். ஆனால் வெளியேற்றப்பட்டு இரண்டு மாதத்துக்குள் போக வேண்டும். நான் போனது மூன்றாம் மாதம். சட்டத்தரணி நாட்காட்டியைப் பார்த்துவிட்டுக் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார்.

உங்களுக்கு இப்படி நடந்தால் அன்றைக்கே பொலிஸில் முறைப்பாடு எழுதி, அதன் இலக்கத்தை வாங்குங்கள். எழுதமாட்டோம் என்றால் மேலதிகாரியிடம் போங்கள். வாங்கினவர் வந்தால் உறுதியின் பிரதியைக் கேளுங்கள், வாடகையை நிறுத்தாதீர்கள், வங்கியிலேயே கட்டுங்கள். அட்வான்ஸ் இனி யார் பொறுப்பு என்று பழையவர், புதியவர் இருவரிடமும் எழுத்தில் வாங்குங்கள். சாமானை எடுப்பதற்காக எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடாதீர்கள், என் வழக்கை மெலிய வைத்தது அந்த ஒரு தாள்தான். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, வருமானம் குறைந்தவர்களுக்கு இலவசமாகச் செய்கிறார்கள்.

அட்வான்ஸுக்காக இப்போது மத்தியஸ்த சபைக்குப் போயிருக்கிறேன். முதல் தவணைக்கு வீட்டுக்காரர் வரவில்லை. அடுத்த தவணைக்கு வங்கிச் சிட்டைகளையும், கேற்றில் தொங்கிய பூட்டின் படத்தையும் கொண்டுபோகிறேன். அந்தப் படத்தை அன்றைக்கு, உள்ளே போக முடியாமல் நின்றபோது, மகள்தான் எடுத்து வைத்திருந்தாள்.