பாளையங்கோட்டையில் கியர் சைக்கிளை நம்பிக் கொடுக்க ஒரு கடை

பாளை மார்க்கெட் பக்கம் ஒரு சந்துக்குள் இருக்கிறது இந்தச் சைக்கிள் ரிப்பேர் கடை. போர்டு கிடையாது, சுவரில் தொங்கும் பழைய டயர்கள்தான் அடையாளம். எங்களுக்கு அது ‘அண்ணாச்சி கடை’. ஞாயிறு காலையில் சேர்ந்து சைக்கிள் மிதிக்கும் நான்கைந்து குடும்பங்கள் நாங்கள். என் வீட்டுக்காரர், மகள், மதினி, மதினியின் இரண்டு பையன்கள், தெருக்காரர்கள் சிலர். மதினி ஓட்டுவது கியர் இல்லாத பழைய லேடீஸ் சைக்கிள். பக்கத்து வீட்டுத் தம்பி வைத்திருப்பது நாற்பதாயிரம் ரூபாய் ‘ஹைபிரிட்’ கியர் சைக்கிள். இரண்டுக்கும் இங்கே ஒரே மரியாதை.

சக்கரத்தின் கோட்டம் எடுப்பதில் அண்ணாச்சிக்கு இணையாக நான் யாரையும் பார்த்ததில்லை. சேரன்மகாதேவி ரோட்டில் ஒரு பள்ளத்தில் இறங்கி மகளுடைய பின்சக்கரம் வளைந்துவிட்டது. முதலில் கொண்டுபோன பெரிய கடையில் ரிம்மையே மாற்ற வேண்டும், இரண்டாயிரத்துக்கு மேல் ஆகும் என்றார்கள். அண்ணாச்சி சைக்கிளைக் கவிழ்த்து வைத்தார். ஒரு சாக்பீஸை ரிம்முக்கு ஒட்டினாற்போல் பிடித்துக்கொண்டு சக்கரத்தைச் சுற்றினார். புடைத்த இடத்தில் மட்டும் வெள்ளைக் கோடு விழுந்தது. வலப்பக்கம் புடைத்திருந்தால் அந்த இடத்தில் இடப்பக்கக் கம்பியை முறுக்கி வலப்பக்கக் கம்பியைத் தளர்த்த வேண்டும், அதுவும் ஒரு தடவைக்குக் கால் சுற்றுதான். துடைத்துவிட்டு மறுபடி சுற்று, மறுபடி சாக்பீஸ். “அவசரப்பட்டா இந்தப் பக்கம் நேராகி அந்தப் பக்கம் கோணிக்கும், தாயி” என்று மகளிடம் சொல்லிக்கொண்டே செய்தார். கடைசியில் கம்பிகளை ஒவ்வொன்றாக நகத்தால் சுண்டிப் பார்த்தார். ஒரு பக்கத்துக் கம்பிகள் எல்லாம் ஏறக்குறைய ஒரே சத்தம் கொடுக்க வேண்டுமாம். மகளையும் சுண்டச் சொன்னார். வாங்கியது 150 ரூபாய். அதே சக்கரத்தில்தான் அவள் பாபநாசம் போய் வருகிறாள்.

செயினை மாற்றச் சொல்லும்போதும் காரணத்தைக் கண்ணால் காட்டிவிடுவார். 12 அங்குல இரும்பு ஸ்கேலைச் செயின்மேல் வைத்து, ஒரு பின்னின் நடுவைப் பூஜ்யத்தில் பிடிப்பார். புதுச் செயினில் 12 அங்குலத்தில் இன்னொரு பின்னின் நடு சரியாக வந்து நிற்கும். அது 1/16 அங்குலம் தள்ளிப்போனால் செயினை மாற்றியாக வேண்டும். 1/8 வரை விட்டால் பின்னால் இருக்கும் பல்சக்கரமும் தேய்ந்திருக்கும், செலவு இரட்டிப்பாகும். என் செயினை அளந்துவிட்டு, “இன்னும் ஓடட்டும்” என்று திருப்பி அனுப்பியும் இருக்கிறார்.

எண்ணெய் விஷயத்தில் மட்டும் கண்டிப்பு அதிகம். அழுக்கைத் துடைக்காமல் மேலேயே எண்ணெய் ஊற்றிக்கொண்டு போனால் திட்டு உண்டு. மண்ணும் எண்ணெயும் சேர்ந்தால் சாணைக்கல் மாதிரி செயினைத் தின்றுவிடும் என்பார். நம் ஊர்ப் புழுதிக்கு இது எவ்வளவு சரி என்பது ஆடி மாதம் மேற்கே மிதித்தவர்களுக்குத் தெரியும். கணவாய் வழியாக வரும் காற்று முகத்தில் மண்ணை அள்ளி வீசும். அந்த மாதங்களில் நாங்கள் விடியுமுன்னே கிளம்பி அம்பாசமுத்திரம் பக்கம் போய்விட்டு, திரும்பும்போது காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு வருவோம். பிள்ளைகளுக்கு அந்தத் திரும்பும் வழிதான் கொண்டாட்டம்.

பஞ்சருக்கும் இவரிடமே போங்கள். கூந்தன்குளத்துக்குப் பறவை பார்க்கப் போனாலும் சரி, கிருஷ்ணாபுரம் கோயில் சிற்பம் பார்க்கப் போனாலும் சரி, ரோட்டை விட்டு ஓரம் இறங்கினால் உடைமுள் ஏறாமல் வர முடியாது. டியூபை மட்டும் ஒட்டி மாட்டிக் கொடுக்கிறவர்கள் உண்டு, முள் டயருக்குள்ளேயே நின்று அடுத்த தெருவில் மறுபடி காற்றை இறக்கும். அண்ணாச்சி டயரின் உள்பக்கம் முழுக்க ஒரு பழைய துணியை ஓட்டுவார். முள் முனை இருக்கும் இடத்தில் துணி மாட்டி நிற்கும். அதைப் பிடுங்கிய பிறகுதான் டியூப் உள்ளே போகும். மதினியின் சின்னப் பையன் இதைப் பார்த்துப் பழகி, இப்போது வழியில் எங்களுக்கு அவன்தான் பஞ்சர் ஒட்டுகிறான்.

குறைகளையும் சொல்கிறேன். எண்ணெயில் இயங்கும் ஹைட்ராலிக் டிஸ்க் பிரேக் பக்கம் அவர் போக மாட்டார். “அது நம்ம கைக்கு வராது, வேற இடம் பாருங்க” என்று முகத்துக்கு நேரே சொல்லிவிடுவார். கியர் சாமான் வெளியூரிலிருந்து வர வேண்டும், ஒரு வாரமாவது ஆகும். பில் கிடையாது. காத்திருக்க ஒரு ஸ்டூல்தான். ஞாயிற்றுக்கிழமை கடை அடைப்பு.

அப்புறம், வரிசைப்படிதான் வேலை நடக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அரசாங்கம் கொடுக்கும் சைக்கிள்கள் இங்கே நிறைய வரும். பிரேக் கட்டை தேய்ந்து, மட்காட் ஆடி, ஸ்டாண்டு உடைந்து வரும். ஒரு சனிக்கிழமை எங்கள் கூட்டத்து அண்ணன் ஒருவரின் சைக்கிள் பாதி வேலையில் நிற்க, பின்னால் வந்த ஒரு மாணவியின் சைக்கிளை அண்ணாச்சி கையில் எடுத்தார். அண்ணனுக்குக் கோபம் வந்துவிட்டது. “உங்களுக்கு ரவுண்டு போகணும், அந்தப் பிள்ளைக்குப் பள்ளிக்கூடம் போகணும்லா. தூரத்துலயிருந்து மிதிச்சு வருது” என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்த்தார். அண்ணன் மறுநாள் எங்களோடு வர முடியவில்லை. அவர் இன்றுவரை அதை ஒரு குறையாகவே சொல்கிறார். நான் அண்ணாச்சி பக்கம்தான். எங்கள் சைக்கிள் ஒரு வாரம் நின்றால் ஒரு ஞாயிறு போகும், அவ்வளவுதான். அந்தப் பெண்ணின் சைக்கிள் நின்றால் பஸ்ஸுக்குக் காசு தேட வேண்டும். இப்படிப்பட்ட கடைக்குத்தான் என் பணம் போக வேண்டும் என்று நினைக்கிறேன்.

போகிறவர்கள் செவ்வாய், புதன் கிழமைகளில் காலை 11 மணி வாக்கில் போங்கள், நின்று பேசி வேலை வாங்கலாம். ஜூன் மாதம் பள்ளி திறக்கும் நேரத்தைத் தவிர்த்துவிடுங்கள். முழுசாகப் பிரித்து ஓவராயில் பண்ணுவதாக இருந்தால் ஐப்பசி, கார்த்திகை மழை முடிந்து மார்கழியில் கொடுப்பது நல்லது, மழைத்தண்ணீர் இறங்கிய பேரிங்கை அப்போதே கழுவி கிரீஸ் வைத்துவிடுவார். எங்களிடம் வாங்குவது 600 ரூபாய், சாமான் செலவு தனி. பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். ஸ்பானரைக் கையில் கொடுத்துவிடுவார், அதனால் பழைய சட்டை போட்டுவிடுங்கள்.