காரைக்குடிப் பக்கத்து சர்ஜனுக்கு எந்த சி.எம்.இ. உதவும்? இதழ்த் தேர்வு, ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம், வீடியோ: ஓர் ஒப்பீடு

காரைக்குடி, தேவகோட்டை, திருப்பத்தூர் பக்கம் இருபது முப்பது படுக்கை உள்ள நர்சிங் ஹோமில் தனியாளாக அறுவை சிகிச்சை செய்பவருக்கு சி.எம்.இ. (மருத்துவர்கள் படிப்பு முடிந்த பிறகும் தொடர்ந்து பெறும் கல்வி) இரண்டு காரியத்துக்குத் தேவைப்படுகிறது. ஒன்று, ரிஜிஸ்ட்ரேஷன் ரினியூவலுக்குக் காட்ட வேண்டிய மணிக்கணக்கு. மற்றது, நாளைக் காலை தியேட்டரில் கைகொடுக்கும் அறிவு. இரண்டையும் ஒரே கடையில் வாங்கப் பார்ப்பவர்கள்தான் அதிகம் ஏமாறுகிறார்கள். அதனால் இங்கே ஒவ்வொரு வழியையும் இந்த இரண்டு கேள்வியோடு மட்டும் பார்க்கலாம்.

மணிக்கணக்கு சின்ன விஷயம், அதை முதலில் முடித்துவிடலாம். 2002ஆம் ஆண்டு மருத்துவ ஒழுக்க விதிமுறைகள் கேட்பது ஐந்தாண்டுக்கு 30 மணி நேரம். ஆண்டுக்கு ஆறு மணிதான். 2023 ஆகஸ்டில் தேசிய மருத்துவ ஆணையம் புதிய விதிமுறைகளை அறிவித்து, அதே மாதம் நிறுத்தியும் வைத்தது. பழைய விதிகளே திரும்ப நடப்புக்கு வந்தன. மாநில மருத்துவ கவுன்சிலின் அங்கீகாரம் வாங்கி, கிரெடிட் மணி அச்சிட்டுத் தரும் கூட்டச் சான்றிதழ் என்றால் ரினியூவலில் சிக்கல் வராது. வெளிநாட்டு இதழ் தருவது ஏ.எம்.ஏ. (அமெரிக்க மருத்துவச் சங்கம்) வகுத்த பி.ஆர்.ஏ. கேட்டகரி 1 கிரெடிட். அது அமெரிக்க மருத்துவர்கள் தங்கள் உரிமத் தேவைக்குக் காட்டும் அளவு. அதை இங்கே எத்தனை மணியாக எடுத்துக்கொள்வார்கள், எடுத்துக்கொள்வார்களா என்பதைக் கவுன்சிலிடம் எழுதிக் கேட்டு, எழுத்தில் பதில் வந்த பிறகே கணக்கில் சேர்க்க வேண்டும். 'நண்பருக்கு ஓகே ஆச்சு' என்ற வாய்வார்த்தை ரினியூவல் மாதத்தில் உதவாது.

இதழ்வழி சி.எம்.இ.

அமெரிக்க சர்ஜன்கள் கல்லூரியின் இதழை எடுத்துக்கொள்வோம். 1905இல் வேறு பெயரில் தொடங்கி, 1994 முதல் இப்போதைய பெயரில் வருகிறது. இந்த வகை இதழ்களில் எல்லாக் கட்டுரைக்கும் கிரெடிட் கிடையாது; ஆசிரியர் குழு தேர்ந்தெடுத்த சிலவற்றுக்கு மட்டும் கேள்வித்தாள் இணைந்திருக்கும். ஏ.எம்.ஏ. விதிப்படி ஒரு கட்டுரைக்கு ஒரு கிரெடிட். நீங்கள் அரை மணியில் படித்தாலும் மூன்று மணி எடுத்தாலும் அதேதான்.

நடைமுறை இது. கணக்கில் நுழைந்து கட்டுரையின் கற்றல் நோக்கங்களைப் பார்க்க வேண்டும். முழுக் கட்டுரையையும் படித்து, கேள்விகளுக்குப் பதில் குறித்து, தேர்ச்சி மதிப்பெண் எடுக்க வேண்டும். பிறகு மதிப்பீட்டுப் படிவம் ஒன்று வரும். அதை நிரப்பினால்தான் சான்றிதழ் திறக்கும். பலர் தேர்வை முடித்ததும் பக்கத்தை மூடிவிடுகிறார்கள். மதிப்பீட்டுப் படிவம் நிரம்பாததால் கிரெடிட் பதிவாகாமலே நின்றுவிடும். நான்கு கேள்வி, 75 சதவீதம் தேர்ச்சி என்றால் ஒன்றுதான் தவறலாம். சுருக்கத்தை மட்டும் படித்துவிட்டு உட்கார்ந்தால் இரண்டு போய்விடும், ஏனென்றால் கேள்விகள் பெரும்பாலும் ஆய்வு முறையிலிருந்தும் அட்டவணைகளிலிருந்தும் எடுக்கப்படுகின்றன.

நம் ஊரில் இடறும் இடங்கள் மூன்று. முதலாவது பெயர். 'ராம. சித.' என்று இரண்டு தலைமுறை முதலெழுத்தோடு ரிஜிஸ்டர் ஆனவர், முதல் பெயர், குடும்பப் பெயர் என்று கேட்கும் படிவத்தில் எதையோ போட, சான்றிதழில் அப்பா பெயர் மட்டும் தடித்த எழுத்தில் வரும். கவுன்சில் சான்றிதழில் உள்ளபடியே, முதலெழுத்துகளை விரிக்காமல், கணக்குத் தொடங்கும்போதே பதிய வேண்டும். சான்றிதழ் வந்த பிறகு மாற்றக் கேட்பது வாரக்கணக்கில் இழுக்கும். இரண்டாவது கட்டணம். 2020க்குப் பிறகு வரும் வங்கி அட்டைகளில் வெளிநாட்டுப் பரிவர்த்தனை முடக்கியே வைக்கப்பட்டிருக்கும். வங்கிச் செயலியில் அதைத் திறந்து, உச்சவரம்பு வைத்து, பணம் கட்டியதும் திரும்ப மூட வேண்டும். காட்டும் டாலர் தொகையோடு வங்கியின் மாற்றுக் கட்டணமும் வரியும் சேரும். மூன்றாவது காலாவதி. ஒவ்வொரு கட்டுரைக்கும் கிரெடிட் எடுக்கக் கடைசித் தேதி உண்டு. அது அமெரிக்க நேரத்தில் ஓடும். சந்தா முடிந்தால் பழைய சான்றிதழ்களும் பூட்டுக்குள் போகலாம் என்பதால், ஒவ்வொன்றையும் அன்றைக்கே பிடிஎஃப் ஆக இறக்கி வைப்பது நல்லது.

இவ்வளவு தொல்லைக்கும் பலன் உண்டா? உண்டு. தீர்மானம் எடுப்பதைச் சொல்லித்தருவதில் இதழுக்கு நிகர் இல்லை. லேப் கோலியில் (லேப்ராஸ்கோப்பி வழியே பித்தப்பையை அகற்றுவதில்) பித்தநாளம் வெட்டுப்படாமல் காக்கும் 'கிரிட்டிக்கல் வியூ ஆஃப் சேஃப்டி' இலக்கணம் 1995இல் ஸ்ட்ராஸ்பெர்க் குழுவினரால் வெளியானது இதே இதழில்தான். பித்தப்பைக் கழுத்தருகே உள்ள முக்கோணத்திலிருந்து கொழுப்பும் நாரும் விலகியிருக்க வேண்டும். பித்தப்பையின் கீழ் மூன்றில் ஒரு பங்கு கல்லீரல் படுக்கையிலிருந்து பிரிந்திருக்க வேண்டும். பித்தப்பைக்குள் நுழைவது இரண்டே இரண்டு அமைப்பு என்று கண்ணால் தெரிய வேண்டும். மூன்றும் சேர்ந்தால்தான் கிளிப். இதை எல்லோரும் ஒப்பிப்பார்கள். நல்ல கேள்வித்தாள் அடுத்த படிக்குப் போகும்: கடும் அழற்சி, முக்கோணம் உருகிக் கிடக்கிறது, இரண்டே தெரிகிறது என்றாலும் கீழ்ப் பகுதி பிரியவில்லை, அடுத்து என்ன? 'இன்னும் கொஞ்சம் தோண்டிப் பார்ப்பது' என்ற விடையைக் குறித்தவருக்கு, அது ஏன் தவறு, பாதிப் பித்தப்பை அகற்றல் எப்போது, கழுத்துப் பகுதியைத் திறந்தே விடுவதா மூடித் தைப்பதா, எதில் பித்தம் கசியும், எதில் மறுபடி கல் சேரும் என்று விளக்கம் வரும். பக்கத்தில் கைகொடுக்கக்கூட ஆளில்லாத தியேட்டரில் இரவு பதினொரு மணிக்கு இந்த விளக்கம்தான் நினைவுக்கு வர வேண்டும்.

ஒரு எச்சரிக்கை. அங்கே சரியான விடை இங்கே சரியான சிகிச்சையாக இருக்க வேண்டும் என்றில்லை. 2020இல் வெளியான கோடா ஆய்வில் 1552 பேர். குடல்வால் அழற்சிக்கு ஆன்டிபயாடிக் மட்டும் பெற்றவர்களில் 29 சதவீதத்தினருக்கு 90 நாளுக்குள் அறுவை தேவைப்பட்டது. குடல்வாலில் கல் இருந்தவர்களில் 41 சதவீதம். தேர்வுக்கு இந்த எண் போதும். கண்டனூரிலிருந்தோ இளையான்குடிப் பக்கமிருந்தோ வருபவருக்கு சி.டி. எடுத்துக் கல் இல்லை என்று உறுதி செய்தீர்களா, வலி திரும்பினால் அவர் உங்களிடமே வருவாரா, மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு நான்கு நாள் படுத்திருப்பாரா என்பது எந்தக் கேள்வித்தாளிலும் வராது. அதேபோல் அமெரிக்கத் தரவுத்தளக் கட்டுரைகள் பலவும் அறுவைக்குப் பின் 30 நாள் வரைதான் பார்க்கும். ஹெர்னியா திரும்ப வருகிறதா என்ற கேள்விக்கு அதில் பதில் தேடக் கூடாது.

மதுரை, திருச்சிக் கூட்டங்கள்

காரைக்குடியிலிருந்து இரண்டும் ஏறக்குறைய 90 கிலோமீட்டர். திருப்பத்தூர், மேலூர் வழி மதுரை. புதுக்கோட்டை வழி திருச்சி. எப்படிப் போனாலும் ஒரு ஞாயிறு முழுக்கப் போகும், வார்டைப் பார்த்துக்கொள்ள ஆள் வைக்க வேண்டும். 2024 மார்ச்சில் வந்த மருந்து விற்பனை நெறிமுறைக்குப் பிறகு, பேச்சாளர் அல்லாதவருக்குப் பயணம், தங்குமிடம் என்று கம்பெனிகள் செலவழிக்கக் கூடாது. செலவு நம் பையிலிருந்துதான், அதுவே முறையும்கூட. தை, வைகாசி முகூர்த்த ஞாயிறுகளில் யாரும் கூட்டம் வைக்காமலிருந்தால் செட்டிநாட்டிலிருந்து இன்னும் பத்துப் பேர் வருவார்கள்.

கவுன்சில் மணிக்கு இதுதான் நேர்வழி. இந்திய சர்ஜன்கள் சங்கத்தின் கிளைக் கூட்டங்களும் மாநில மாநாடும் சேர்ந்தால் ஐந்தாண்டு 30 மணி தானாக நிரம்பும். பாடத்தின் தரம் ஏற்ற இறக்கம்தான். சில உரைகளைவிட மதியச் சாப்பாடு நன்றாக நினைவில் நிற்கும்.

ஆனால் வெளிநாட்டு இதழில் அபூர்வமாகத் தட்டுப்படும் ஒரு பாடம் இங்கே கிடைக்கும். லேப்ராஸ்கோப்பி செய்து, காயம் நன்றாக ஆறி, நோயாளி வீட்டுக்குப் போய், ஏறத்தாழ நான்கு வாரம் கழித்து போர்ட் இடத்தில் (கருவி நுழைத்த துளையில்) முடிச்சு விழுந்து நீர் கசியும். சாதாரண ஆன்டிபயாடிக்கில் அடங்காது, சாதாரண கல்ச்சரிலும் பிடிபடாமல் போகும். காசநோயல்லாத மைகோபாக்டீரியாவை அப்போதே சந்தேகிக்க வேண்டும். காரணம் பெரும்பாலும் கருவித் தட்டில் இருக்கும்: கழற்றாமல் ஊறப்போட்ட கருவி, மூட்டுகளில் ஒட்டிய ரத்தம், இரண்டு கேஸுக்கு நடுவே 2 சதவீத குளூட்டரால்டிஹைடில் இருபது நிமிடம், பிறகு குழாய்த் தண்ணீரில் அலசல். இருபது நிமிடம் கிருமி குறைக்கும், அவ்வளவுதான். முழு ஸ்டெரிலைசேஷனுக்குப் பத்து மணி நேரம் ஊற வேண்டும். அலசுவதும் ஸ்டெரைல் தண்ணீரில்தான், இல்லையென்றால் அங்கேயே கிருமி திரும்பி ஏறும். ஆட்டோகிளேவ் ஆகும் கருவியை ஆட்டோகிளேவ் செய்வதே மேல். இதை மேடையில் சொல்வதைவிட, காப்பி இடைவேளையில் 'உங்க பக்கமும் வந்துச்சா?' என்று கேட்கும்போதுதான் உண்மை வெளியே வரும்.

வீடியோவும் வெபினாரும்

பிரான்சின் ஸ்ட்ராஸ்பர்க் நகரத்து இர்காட் நிறுவனத்தின் வெப்சர்ஜ் தளம் இலவசம்; பதிவு செய்தால் போதும். கை எங்கே பிடிக்கிறது, டிராக்‌ஷன் எந்தப் பக்கம், எந்தத் தளத்தில் பிரிக்கிறார்கள் என்பதற்கு எழுத்தைவிடப் படம் மேல். குறை என்னவென்றால் எல்லாம் வெட்டித் தொகுத்தவை. நாற்பது நிமிடம் ரத்தத்தோடு மல்லுக்கட்டியது நான்கு நிமிடமாகிவிடும். கிளிப் போடுவதற்கு முந்தைய பிரேமில் நிறுத்தி, மேலே சொன்ன மூன்று நிபந்தனையும் தெரிகிறதா என்று நீங்களே மதிப்பெண் போட்டால் அதுவே பயிற்சி. கம்பெனி ஏற்பாட்டு இரவு வெபினார்களைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. பேசுபவர் நல்லவரா, கவுன்சில் மணி உண்டா என்று இரண்டைப் பார்த்துவிட்டு நுழையலாம். இரண்டும் இல்லையென்றால் தூங்கலாம்.

எதை எடுப்பது

தனியாக வேலை பார்ப்பவருக்குப் பணம் போட்டு வாங்கத் தகுந்தது இதழ்தான் என்பது எங்கள் கணிப்பு. காரணம் கிரெடிட் அல்ல. தவறான விடையைத் தவறு என்று சொல்லும் ஒரு மூத்தவர் அவருக்குப் பக்கத்தில் இல்லை. மாதம் ஒரு கட்டுரை, படிக்க முக்கால் மணி, தேர்வுக்குப் பத்து நிமிடம், ஓ.பி. முடிந்த ஒரு புதன் இரவு. இந்த வேகத்தில் ஆண்டுக்கு 12 கிரெடிட் சேரும். அதோடு, மணியும் ஊர்ப் பிரச்சினையும் தெரிய ஆண்டுக்கு இரண்டு நேரடிக் கூட்டம். சிவகங்கை, புதுக்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரிகளில் நடந்தால் அரை நாளில் திரும்பிவிடலாம்.

ரினியூவலுக்கு ஆறு மாதமே இருப்பவர் மட்டும் வரிசையை மாற்ற வேண்டும். முதலில் அங்கீகார எண் உள்ள கூட்டங்களில் மணியை நிரப்பி, சான்றிதழ்களை ஸ்கேன் செய்து, விண்ணப்பத்தைப் போட்டுவிட்டு, இதழுக்கு அதற்குப் பிறகு பணம் கட்டலாம்.