மதுரை கேட்கும், பூம்பாறை கேட்காது: கொடைக்கானலில் எக்ஸாஸ்டிர் அனுபவம்

எங்கள் வீடு கோக்கர்ஸ் வாக்குக்கு மேலே இருக்கும் தெருவில். மொட்டை மாடியில் விஎச்எஃப் (பெரும்பாலும் நேர்கோட்டில் போகும் ரேடியோ அலை) ஆன்டெனா போட்டால் மதுரை கேட்கும், பூம்பாறை கேட்காது. மதுரை கீழே சமவெளியில், நேர்ப்பார்வையில் கிடக்கிறது. பூம்பாறை பக்கத்து ஊர்தான், ஆனால் நடுவில் மலை. கொடைக்கானல் வானொலியான கோடைப் பண்பலையை மதுரைப் பக்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். இங்கே உட்கார்ந்துகொண்டுதான் எக்ஸாஸ்டிர் என்ற திறமூல வரைபட மென்பொருளை 2019 முதல் ஓட்டி வருகிறேன்.

புதியவர்களுக்கு ஒரு வரி. உரிமம் வாங்கிக்கொண்டு பொழுதுபோக்காக வானொலியில் தொடர்புகொள்ளும் ஹாம் ரேடியோவில் ஏபிஆர்எஸ் என்று ஒரு முறை உண்டு. பாப் புரூனிங்கா என்ற அமெரிக்க ஹாம் உருவாக்கியது, 2022-இல் காலமானார். ஒவ்வொரு நிலையமும் தான் இருக்கும் இடத்தை நொடிக்கு 1200 பிட் வேகத்தில் சின்னப் பாக்கெட்டாகக் காற்றில் விடும். கேட்பவரின் கணினியில் எக்ஸாஸ்டிர் அதை வரைபடத்தில் ஒரு புள்ளியாகக் காட்டும். நடுவில் செல்போன் கோபுரமோ இணையமோ தேவையில்லை. 2018 நவம்பரில் கஜா புயல் மரங்களைச் சாய்த்து, கரன்டும் போனும் இல்லாமல் மலையில் கிடந்தோமே, அதற்கு அடுத்த வருடம்தான் நான் இதில் இறங்கினேன்.

என்னிடம் இருப்பது ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினி, பழைய விஎச்எஃப் செட், ஒரு யூஎஸ்பி சவுண்ட் கார்டு, பன்னிரண்டு வோல்ட் பேட்டரி. செட்டின் ஒலியை டயர்வுல்ஃப் என்ற நிரல் எழுத்தாக்கி எக்ஸாஸ்டிரிடம் கொடுக்கும். டயர்வுல்ஃப் காட்டும் ஒலி அளவு 50-ஐ ஒட்டி இருக்க வேண்டும் என்பது தெரியாமல், சத்தம் கூடினால் நல்லது என்று நினைத்து முதல் இரண்டு மாதத்தை வீணடித்தேன்.

தோற்றத்தைப் பற்றி ஒளிக்க ஒன்றுமில்லை. மோட்டிஃப் என்ற பழைய ஜன்னல் நூலகத்தில் எழுதியது; சாம்பல் நிற ஜன்னல்கள், தொண்ணூறுகளின் முகம். "தாத்தா, இது ரிசர்வேஷன் கவுன்ட்டர் கம்ப்யூட்டரா?" என்றாள் பேத்தி. மெனுவும் அடுக்கடுக்காகப் போகும், பழக ஒரு மாதம் ஆகும். ஆனால் மழைக்காலத்தில் இணையம் அறுந்த பிறகும் ஓபன்ஸ்ட்ரீட்மேப் என்ற இலவச இணைய வரைபடத்தில் நான் ஏற்கெனவே பார்த்து வைத்த துண்டுகள் கணினியிலேயே இருக்கும், வரைபடம் வெள்ளையாகிவிடாது. அந்த ஒரு காரணத்துக்காகவே முகத்தை மன்னித்துவிட்டேன். (மொத்தமாக இறக்கி வைக்கலாம் என்று ஆசைப்படாதீர்கள், அவர்களுடைய சர்வரில் அதற்கு அனுமதி இல்லை.)

மலைக்கு ஒத்துவராத வசதி ஒன்று உண்டு. கடைசியாகத் தெரிந்த வேகத்தையும் திசையையும் வைத்து வண்டி இப்போது எங்கே இருக்கும் என்று ஊகித்துக் காட்டும். நாற்கரச் சாலையில் அருமை. வத்தலகுண்டு ரோட்டில், நண்பர் ஒருவர் ஜீப்பில் டிராக்கரை வைத்துக்கொண்டு ஏறும்போது பார்க்க வேண்டும். கொண்டை ஊசி வளைவில் அவர் திரும்பியிருப்பார். திரையில் ஜீப் நேராகப் பள்ளத்தாக்குக்குள் போய்க்கொண்டிருக்கும். அடுத்த பாக்கெட் வந்ததும் துள்ளி ரோட்டுக்கு வரும். ஒரு வளைவின் மறைவில் இரண்டு பாக்கெட் விட்டுப்போனால், தடம் மலையைக் குறுக்கே வெட்டிக் கோடு போடும். மென்பொருளைக் குறை சொல்ல முடியாது, கேட்ட புள்ளிகளைத்தானே அது இணைக்கும். நான் ஊகத்தை அணைத்துவிட்டேன்.

சரி, சோதனைக்கு வருகிறேன். எக்ஸாஸ்டிரின் புதிய பதிப்பு வெளிவரும் முன்பு, கிட் களஞ்சியத்திலிருந்து மூல நிரலை எடுத்து நானே கம்பைல் செய்து (ஓடும் மென்பொருளாக்கி) சோதித்துப் பார்ப்பது வழக்கம். அதற்கு முன் கன்ஃபிகர் என்ற ஆயத்தப் படி ஓடி முடிந்ததும் எந்தெந்த நூலகம் சேர்ந்தது என்று ஒரு பட்டியல் வரும். பலர் அதைப் படிப்பதில்லை. நானும் ஒருமுறை படிக்காமல் விட்டு, வரைபடப் படங்களைக் காட்டத் தேவையான கிராஃபிக்ஸ்மேஜிக் நூலகம் சேராததைக் கவனிக்காமல், "ஓபன்ஸ்ட்ரீட்மேப் காணோம்" என்று அரை நாள் புலம்பினேன்.

அப்புறம் கன்னிவாடிக் கதை. பழைய அமைப்புகளை வைத்துக்கொண்டு சோதித்தால் பாதிப் பிழை மறைந்துகொள்ளும் என்பதால், அமைப்புக் கோப்புறையை ஓரமாக நகர்த்திவிட்டு, புதிதாக நிறுவியவன் போலத் திறந்தேன். அழைப்புக்குறி (ஹாம் நிலையத்தின் அடையாளப் பெயர்) கேட்டது, இடம் கேட்டது. கைபேசியில் பார்த்தேன்: 10.23, 77.49. கட்டங்களில் போட்டுவிட்டு ஒலிபரப்பை ஆன் செய்தேன். பத்து நிமிடத்தில் வத்தலகுண்டு நண்பரிடமிருந்து போன்.

"அண்ணே, கன்னிவாடிக்குக் குடி போயிட்டீங்களா?"

திரையைப் பார்த்தால் உண்மைதான். என் வீடு மலையிறங்கி, சுமார் 40 கிலோமீட்டர் தள்ளி, கன்னிவாடிப் பக்கம் உட்கார்ந்திருக்கிறது. வரைபடத் துண்டுகளை அடுக்கும் புதிய நிரலில்தான் கோளாறு என்று உடனே தீர்ப்பு எழுதிவிட்டேன். நண்பரின் புள்ளி மட்டும் சரியாக வத்தலகுண்டிலேயே இருந்தது அப்போது உறைக்கவில்லை. பிழை அறிக்கை எழுத உட்கார்ந்தேன். முதலில் என்ன செய்தீர்கள், அடுத்து என்ன செய்தீர்கள் என்று படிப்படியாகச் சொல்ல வேண்டும் அல்லவா? "பாகை என்ற கட்டத்தில் 10, கலை என்ற கட்டத்தில் 23" என்று தட்டும்போதே கை நின்றுவிட்டது. கைபேசி சொன்னது தசமப் பாகை. கட்டம் கேட்டது பாகையும் கலையும் (ஒரு பாகைக்கு அறுபது கலை). 0.23 பாகை என்றால் 13.8 கலை, 0.49 என்றால் 29.4. நான் 23, 49 என்று போட்டிருக்கிறேன். அறிக்கையை அழித்தேன்.

ஊட்டிக்காரராக இருந்தால் தப்பித்திருப்பார். அங்கே தீர்க்கரேகை 76.70; எழுபது கலை என்று ஒன்று கிடையாது என்பதால் அப்போதே சந்தேகம் வந்திருக்கும். கொடைக்கானலின் எண்கள் இரண்டுமே அறுபதுக்குள் அடங்கி, பார்க்க ஒழுங்காக இருந்து, என்னை ஏமாற்றிவிட்டன.

பாக்கெட் வரத்து குறைவான ஊர் இது, சோதனைக்கு அது ஒரு கஷ்டம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் கேட்ட பாக்கெட்டைத் திருப்பி அனுப்பும் ரிப்பீட்டர் ஆனில் இருக்கும் நாட்களில், அது தலைக்கு மேலே கடக்கும் பத்து நிமிடம் செட்டை 145.825 மெகாஹெர்ட்ஸில் வைப்பேன். எங்கிருந்தோ வரும் நிலையங்கள் ஒரே மூச்சில் திரையில் விழும். மற்ற நேரம் வத்தலகுண்டு நண்பரும் நானும்தான்.

இப்போது மானிட்டர் ஓரத்தில் "13.80 / 29.40" என்று ஒரு சீட்டு ஒட்டியிருக்கிறேன். போன வாரம் மறுபடியும் காலிக் கோப்புறையில் ஆரம்பித்து, சீட்டைப் பார்த்து நிரப்பி, ஒலிபரப்பை ஆன் செய்தேன். கொஞ்ச நேரத்தில் ஏபிஆர்எஸ் செய்தியாகவே வந்தது, தமிழை ஆங்கில எழுத்தில் தட்டி: "ஊர் வந்து சேந்துட்டீங்கண்ணே."